அப்பாவோட ஸ்ப்ளெண்டருக்கு செயின் மாத்தின கதை

போன டிசம்பர்ல மூணு வாரம் லீவு போட்டு கும்பகோணம் போயிருந்தேன். சிங்கப்பூர்லேர்ந்து திருச்சிக்கு நேர் ப்ளைட், அங்கேர்ந்து கார். ஊருக்குப் போனா முடிக்க வேண்டிய வேலைன்னு ஒரு லிஸ்ட் இருக்கும்ல, பேங்க்ல கேஒய்சி, ஆதார்ல போன் நம்பர் மாத்துறது, அம்மாவுக்கு கண் செக்கப், அதெல்லாம் இந்த தடவ சொல்லிக்கிற மாதிரி எந்த தொந்தரவும் இல்லாம முடிஞ்சுது. என் லீவுல முழுசா ரெண்டு நாள சாப்பிட்டது அப்பாவோட பழைய ஸ்ப்ளெண்டரோட செயின்தான்.

முதல் நாள் காலைல பால் வாங்க வண்டிய எடுத்தேன். கியர் போட்டு கிளட்ச விட்டதும் "டக்"குனு ஒரு அடி, அப்புறம் தெருமுனை வர கடகடகடன்னு தகர டப்பால கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி சத்தம். அப்பாகிட்ட கேட்டா "அது ரொம்ப நாளா அப்படித்தான், ஓடுதுல்ல"ங்கறாரு. ஸ்ப்ளெண்டர்ல ஒரு விஷயம், செயின் வெளிய தெரியாது, மேலயும் கீழயும் தகர கவர் போட்டு மூடியிருக்கும். சேறு, தண்ணி, புடவைத் தலைப்பு எதுவும் உள்ள போகாது, நல்ல விஷயம்தான். ஆனா உள்ள செயின் என்ன கதில இருக்குன்னும் கண்ணுக்குத் தெரியாது. கவர்ல ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும், அதக் கழட்டி விரல விட்டு செயின மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்தா எவ்ளோ தொங்குதுன்னு தெரியும். ஒரு இஞ்ச் ஆட்டம் இருந்தா சரி. இங்க விரல் போன தூரத்துக்கு போய்க்கிட்டே இருந்துச்சு, கவர்ல இடிச்சு சத்தம் போடறது அதான்.

எனக்கு கடுப்பானது வேற. அப்பா எல்லா பில்லையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு காலண்டருக்குப் பின்னாடி சொருகி வச்சிருப்பாரு. அதுல டவுன்ல பெரிய போர்டு வச்ச ஒரு சர்வீஸ் சென்டர் பில்லு, ஒரு வருஷத்துல மூணு தடவ, மூணுலயும் "செயின் க்ளீனிங், லூப்"னு, அதாவது செயினக் கழுவி ஆயில் விட்டதுக்குன்னு, தனியா காசு. பேர் சொல்ல விரும்பல. ஆனா நான் பாத்தப்ப அந்த ரப்பர் மூடிய சுத்தி சேறு காஞ்சு சிமெண்ட் மாதிரி புடிச்சிருந்துச்சு, ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பித்தான் எடுத்தேன். அந்த மூடி வழியா ரெண்டு சொட்டு ஆயில் விட்டிருந்தா கூட இவ்ளோ சேறு புடிச்சிருக்காது, கவரக் கழட்டி கழுவினதுங்கறதெல்லாம் வாய்ப்பே இல்ல. நேர்ல போய்க் கேட்டேன். "அது பேக்கேஜ்ல சேர்ந்து வர்றது சார்"னாங்க. சரி, செயின் மாத்தணும், பக்கத்துல நின்னு பாக்கலாமான்னேன். உள்ள கஸ்டமர விடறதில்ல, காலைல விட்டுட்டு சாயங்காலம் வந்து எடுத்துக்கங்கன்னாங்க. வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்.

அடுத்து எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன். புங்க மரத்தடில ஒரு கூரை ஷெட்டு, ரெண்டு சாக்கு, ஒரு ஸ்பேனர் டப்பா, கூட ஒரு பையன். கவரக் கழட்டினாரு, உள்ளேர்ந்து செம்மண் மாதிரி துருப்பொடி கொட்டுது. பாத்துட்டு உடனே சொன்னாரு, "தம்பி, ரெண்டு கண்ணி எடுத்து லாக் போட்டு விட்டா இன்னும் ஆறு மாசம் ஓடும், நூறு ரூபா வேலை." அப்பா மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம்.

இந்த கண்ணி எடுக்கிற வைத்தியம் ஊர்ல ரொம்ப பேமஸ். செயின் நீளம் ஆகுதுன்னா இரும்பு ரப்பர் மாதிரி இழுபடறது இல்ல. ஒவ்வொரு கண்ணிலயும் இருக்கிற பின்னும், அது மேல குழாய் மாதிரி இருக்கிற புஷ்ஷும் தேஞ்சு ஆட்டம் கண்டுடுது, நூத்துக்கு மேல கண்ணி இருக்கிறதால எல்லாம் சேர்ந்து நீளமாத் தெரியுது. ரெண்டு கண்ணிய எடுத்தா மொத்த நீளம் குறையும், ஆனா மிச்சம் இருக்கிற ஒவ்வொரு கண்ணியும் அதே தேய்மானத்தோடதான் இருக்கும். செயின் ஓடுற பல்சக்கரத்துல, அதான் ஸ்ப்ராக்கெட், புதுசா இருந்தப்ப பல்லுக்கு பல் சரியா உக்காந்தது இப்ப பல்லோட முதுகுல ஏறி உக்காரும், அதுவே பல்லையும் அறுத்துடும். நான் டேப்ப வாங்கி அளந்து காட்டினேன். ஸ்ப்ளெண்டருக்கு வர்றது 428ங்கற சைஸ் செயின், ஒரு கண்ணி அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர், அப்ப 20 கண்ணி 254 மில்லிமீட்டர் இருக்கணும். செயின இழுத்துப் புடிச்சு அளந்தா 261. பொதுவா ரெண்டு பர்சன்ட் தாண்டினா மாத்திடணும்பாங்க, இது கிட்டத்தட்ட மூணு. அண்ணன் டேப்பப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, "நீங்க சொல்றது எனக்கும் தெரியும் தம்பி, ஆனா வர்றவன்ல பத்துல எட்டு பேரு புது செட்டுன்னாலே வண்டியத் தள்ளிக்கிட்டு போயிடறான்"னாரு. அதுவும் நியாயம்தான்.

பின்னாடி ஸ்ப்ராக்கெட் பல்லு ஒரு பக்கமா சாஞ்சு சுறா பல்லு மாதிரி ஆயிருந்துச்சு. அப்ப செயின மட்டும் மாத்தினா வேஸ்ட், தேஞ்ச பல்லு புது செயின சீக்கிரமே தின்னுடும். முன்னாடி ஸ்ப்ராக்கெட், பின்னாடி ஸ்ப்ராக்கெட், செயின், மூணும் சேர்ந்த செட்டாத்தான் போடணும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நானே போனேன். கம்பெனி டப்பா ஒண்ணு, ரோலான் ஒண்ணு, டைமண்ட் ஒண்ணு, அப்புறம் பேரே படிக்க முடியாத ஒண்ணு பாதி விலைக்கு. ரோலான் நம்ம கோயம்புத்தூர் எல்ஜிபி செயின், டைமண்ட் சென்னை முருகப்பா குழுமத்தோடது, இந்த மூணுல எது போட்டாலும் எனக்கு ஓகே. அந்த பாதி விலை டப்பா மட்டும் வேண்டாம். நான் ரோலான் எடுத்தேன். டப்பால இருந்தது பழைய எம்ஆர்பி, 2025 செப்டம்பர் 22லேர்ந்து பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆயிடுச்சேன்னு கேட்டதும் கடைக்காரர் ஒண்ணும் பேசாம கால்குலேட்டர எடுத்தாரு. கேக்காம இருந்தா பழைய விலைதான் போல.

இதுல நான் ஒரு கோட்டை விட்டேன். ஷெட்டுக்கு வந்து பழைய ஸ்ப்ராக்கெட்டையும் புதுசையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா புதுசு கொஞ்சம் சின்னதாத் தெரியுது. சாக்பீஸ்ல அடையாளம் போட்டு எண்ணினேன், ரெண்டு பல்லு கம்மி. வேற மாடலுக்கான செட்டக் கொடுத்துட்டாங்க. பின்னாடி பல்லு குறைஞ்சா வண்டி இழுவை போயிடும், அப்பா மாதிரி ரெண்டு மூட்டை அரிசியக் கட்டிக்கிட்டு பாலம் ஏறுறவருக்கு அது ஆகாது. திரும்பக் கடைக்கு ஓட்டம், மாத்திக் கொடுத்தாங்க, பாவம் சண்டையெல்லாம் போடல. ஆனா அன்னைக்கு இருட்டிடுச்சு. பழைய ஸ்ப்ராக்கெட்ட கையோட எடுத்துக்கிட்டுப் போயிருந்தா இந்த அலைச்சலே இல்ல.

மறுநாள் காலைல டீ வாங்கிக் கொடுத்துட்டு சாக்குல உக்காந்துட்டேன். பின் சக்கரத்தக் கழட்டினதும் சக்கரத்தோட நடுவுல இருக்கிற ஹப்புக்குள்ள, அதிர்ச்சிய வாங்கிக்கிற ரப்பரப் பாக்கச் சொன்னேன், நாலும் நசுங்கிப் போய் ஆடுது. அந்த "டக்"குங்கற அடிக்கு பாதி காரணம் இதான். அதுக்கு ஒண்ணும் பெரிய விலை இல்ல, மாத்தியாச்சு. புது செயின்ல கம்பெனி கிரீஸ் பூசியே வரும், பையன் அத மண்ணெண்ணெய்ல முக்கப் போனான், நல்லவேளை அண்ணனே தடுத்துட்டாரு.

அடுத்து லாக். செயினோட ரெண்டு முனையையும் பின் ஸ்ப்ராக்கெட் பல்லு மேல உக்கார வச்சு, லாக் கண்ணிய உள்ளேர்ந்து தள்ளி, வெளிய தட்டப் போட்டு, அது மேல ஒரு சின்ன கிளிப்பு. பாக்க மீன் மாதிரியே இருக்கும், மூடின பக்கம் தலை, பொளந்த பக்கம் வால். செயின் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் தலை இருக்கணும், திருப்பிப் போட்டா ஏதாவது உரசி வால் பக்கமாக் கழண்டுக்கும், ஓடுற வண்டில செயின் அவுந்து சக்கரத்துல சிக்கினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. கிளிப்பு கீழ்ப்பக்கம் வந்தப்ப நான் பாக்கறேன், மீன் தலை வண்டியோட பின்பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு. "அண்ணே, தப்பாப் போட்டுட்டீங்க"ன்னு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லாம சக்கரத்த மெதுவா முன்னாடி உருட்டினாரு. கிளிப்பு பின்பக்கமா சுத்தி மேல வந்துச்சு, தலை இப்ப ஹெட்லைட்டப் பாக்குது. செயின் கீழ பின்னாடி ஓடும், மேல முன்னாடி ஓடும், இது கூடத் தெரியாம பேசிட்டேன். பையன் சிரிச்சுட்டான். அப்பாவும்.

ஆனா ஒரு பாயிண்ட் நானும் எடுத்தேன். புது செயின் பழசவிட நீளம் கம்மிங்கறதால சக்கரம் முன்னாடி நகந்து உக்காரும், அப்ப பிரேக் பெடலேர்ந்து பின் சக்கரத்துக்குப் போற பிரேக் ராடு லூசாயிடும். சக்கரம் கோணாம உக்காந்திருக்கான்னு காட்டுற அட்ஜஸ்டர் கோடு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாத்து ஆக்சில் நட்ட டைட் பண்ணி, கவர மூட்டிட்டு, "எடுங்க தம்பி"ன்னு பையன் சாவியக் கொடுத்துட்டான். கால வச்சு பிரேக்க மிதிச்சேன், சத்தமே இல்லாம அடி வரைக்கும் போகுது. அண்ணன் பையனுக்கு விட்ட டோஸ இங்க எழுத முடியாது, அப்புறம் அவரே குனிஞ்சு ராடு நட்டத் திருகி, சக்கரத்த சுத்தி சுத்திப் பாத்துட்டுத்தான் விட்டாரு. அப்பாவ சீட்டுல உக்கார வச்சு செயின் ஆட்டத்தையும் இன்னொரு தடவ பாத்தாரு, ஆள் உக்காந்தா டைட் ஆகும்னு எனக்கு விளக்கம் வேற. கூலி 250 கேட்டாரு, 300 கொடுத்தேன். சிங்கப்பூர்ல இதே வேலைய ஏசி ரூம்ல காபி குடிச்சுக்கிட்டே முடிச்சிருப்பேன், கூலி பல மடங்கு ஆகியிருக்கும், ஆனா கிளிப்பு எந்தப் பக்கம் பாக்குதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

அன்னிக்கு சாயங்காலமே சுவாமிமலை வரைக்கும் போய்ட்டு வந்தோம், வண்டி பூனை மாதிரி போகுது. புது செயின் முதல்ல கொஞ்சம் செட்டாகி லூசாகும், 500 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவ டைட் வைக்கணும்னு அண்ணன் சொன்னதால, மீட்டர் ரீடிங்க சாக்பீஸ்ல திண்ணைச் சுவத்துல எழுதி வச்சுட்டு வந்தேன்.

ஜனவரில போன் பண்ணினப்ப கேட்டேன். 500 எப்பவோ தாண்டிடுச்சாம். "மெக்கானிக் மாலை போட்டு சபரிமலை போயிருக்கான்டா, வரட்டும்"னாரு அப்பா. வேற யார்கிட்டயாவது காட்டலாமேன்னேன். "எதுக்கு, திரும்ப ரெண்டு கண்ணி எடுக்கவா?"