தீர்ப்பின் பிரதி வேண்டுமா? பதிவகம், இணையம், தகவல் உரிமை: எது கைகொடுக்கும்?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் தோட்டமொன்றில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஓர் அக்காவுக்குத் தொழில் நியாய சபையில் (வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் மன்றம்) தீர்ப்பு பாதகமாக வந்துவிட்டது. கையில் பிரதி எதுவும் இல்லை. “தம்பி, இப்பெல்லாம் போன்லயே எடுக்கலாமாமே?” என்றார்.

எடுக்கலாம், ஆனால் அவருடைய தீர்ப்பை அல்ல. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தங்கள் தீர்ப்புகளை இணையத்தில் இலவசமாகப் போடுகின்றன. (தமிழ்நாட்டுச் செய்திகளைப் படித்துக் குழம்ப வேண்டாம், இங்கே உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் தலைமை நீதிமன்றம்.) தொழில் நியாய சபை வழக்கு மேன்முறையீட்டில் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கும் போகும். அதனால் தோட்டத் தொழிலாளர் வழக்குகளின் தீர்ப்புகள் அங்கே வாசிக்கக் கிடைக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். நம் வழக்கைப் போன்ற முன் தீர்ப்பைத் தேட நல்ல இடம். நுவரெலியாவிலோ பதுளையிலோ நடந்த வழக்கின் ஏட்டை (வழக்கு ஆவணத் தொகுப்பை) அங்கே தேடி டேட்டாவைக் கரைக்காதீர்கள்.

அடுத்தது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நீதிமன்றங்களும் நியாய சபைகளும் இதற்குள் வருகின்றன. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு நீதிமன்றத்தில் எத்தனை வழக்குகள் தேங்கியுள்ளன, தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா என்றெல்லாம் கேட்க இதைவிட நல்ல வழியில்லை. ஆனால் தருவதா இல்லையா என்று முடிவெடுக்கவே 14 வேலை நாட்கள் வரை அவகாசம் உண்டு. தொழில் நியாய சபைத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்யக் கிடைப்பதோ 30 நாட்கள். மூன்று வாரம் அங்கேயே போய்விடும். அவசரத்துக்கு இந்த வழி வேண்டாம்.

சொந்த வழக்கென்றால் நேரே வழக்கு நடந்த மன்றத்தின் பதிவகத்துக்குத்தான் போக வேண்டும். வழக்கு இலக்கம், தரப்பினர் பெயர், தீர்ப்புத் தேதி ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டினால் சான்றுப்படுத்திய பிரதி தருவார்கள். மேன்முறையீட்டுக்குத் தேவைப்படுவது அதுதான். வழக்கில் சம்பந்தப்படாதவர் ஒரு சட்டத்தரணி மூலம் போவது நல்லது.

இங்கே நம் ஆட்கள் கேட்கத் தயங்கும் ஒன்று இருக்கிறது. மலையக நீதிமன்றங்களில் ஏடு பெரும்பாலும் சிங்களத்தில்தான். அந்த மொழி தெரியாத தரப்பினருக்கு, சட்டப்படி பெறக்கூடிய வழக்கேட்டுப் பகுதியைத் தமிழில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24(3)ஆம் உறுப்புரை தருகிறது. தொழில் பிணக்கைத் தீர்க்கும் நியாய சபைக்கும் அது பொருந்தும். இது சலுகையல்ல, உரிமை. விண்ணப்பத்திலேயே “தமிழ் மொழிபெயர்ப்பும் தேவை” என்று ஒரு வரி சேருங்கள். மொழிபெயர்ப்பு தாமதமானாலும் மூலப் பிரதியை முதலில் வாங்கிவிடுங்கள். நாள் கணக்கு நமக்காக நிற்காது.

அக்காவுக்கு வழக்கு இலக்கம் நினைவில்லை. பிஸ்கட் டின்னில் மடித்து வைத்திருந்த பழைய வழக்குத் தவணை (விசாரணை நாள்) அறிவித்தலில் அது இருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே டவுனுக்குப் போனோம்.