சிக்னல் ஆப்: பூட்டு நல்ல பூட்டு, சாவி சிம்மில் தொங்குது

மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் பல வீடுகளில் பாதிப் பேச்சு வளைகுடாவோடுதான். அதற்கு எந்த ஆப் என்று கேட்டால், வாட்சப் மாதிரியே செய்தி அனுப்பும் சிக்னலைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் எழுத்துக்கும் போட்டோவுக்கும் மட்டும். அமீரகத்தில் உரிமம் பெறாத இணைய அழைப்புகளுக்குத் தடை உண்டு. துபாயில் இருக்கும் மகனிடம் வீடியோவில் பேச இதை நம்பி உட்கார வேண்டாம்.

"வாட்சப்பும் பூட்டியிருக்குன்னுதான சொல்லுதான், பிறகு இது எதுக்கு அண்ணாச்சி?" நியாயமான கேள்வி. இரண்டிலும் ஒரே பூட்டுதான். சிக்னலை உருவாக்கிய ஓப்பன் விஸ்பர் சிஸ்டம்ஸ் என்ற சின்னக் குழு எழுதிய குறியாக்க முறையை (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் முறை), அவர்களோடு சேர்ந்து வாட்சப் தன் ஆப்பில் பொருத்தியது. 2016 ஏப்ரலில் வேலை முடிந்தது. ஆச்சி அனுப்பும் காலை வணக்கம்கூட அன்றிலிருந்து பூட்டோடுதான் போகிறது. வித்தியாசம் கவரின் மேல்புறத்தில். யார் யாரோடு எப்போது பேசினார் என்ற குறிப்பை சிக்னல் சேர்த்து வைப்பதில்லை. அதே 2016-ல் அமெரிக்காவில் ஒரு கிராண்ட் ஜூரி (குற்ற வழக்கு தொடரலாமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) விசாரணைக்காக இரண்டு எண்களின் விவரம் கேட்டு சிக்னல்காரர்களுக்கு உத்தரவு வந்தது. ஒரு எண்ணில் கணக்கே இல்லை. மற்றதில் கொடுக்க முடிந்தது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும். இதை வெளியே சொல்லக் கூடாதென்றும் தடை இருந்தது. ஏசிஎல்யூ என்ற உரிமை அமைப்பின் வக்கீல்கள் எதிர்த்து நின்றதால்தான் விஷயம் நம் காதுக்கே வந்தது.

கோளாறு வருவது சிம்மில். ஊர் நம்பரில் கணக்கு தொடங்கி விமானம் ஏறியவர், அங்கே போனதும் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போடுவதை விட்டுவிடுவார். துண்டிக்கப்பட்ட ப்ரீபெய்டு எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். அவர் சிக்னல் போட்டால், கணக்கைத் திறக்கும் ஆறு இலக்கக் கோடு (ஓடிபி) அவருக்குத்தான் வரும். பழைய செய்தி எதுவும் அவருக்குத் தெரியாது. உங்களுக்கு வர வேண்டிய புதுச் செய்தி அவரிடம் போய்ச் சேரும். வீட்டாருக்குத் தெரிவது, பாதுகாப்பு எண் மாறியிருக்கிறது என்ற ஒற்றை வரி. அதை யார் படிக்கிறார்கள்?

அமைப்புகளில் 'கணக்கு' பகுதிக்குப் போய்ப் பதிவுப் பூட்டை ஆன் செய்யுங்கள்; வேறொருவர் உங்கள் எண்ணில் கணக்கு திறக்கப் பார்த்தால், கோடோடு நீங்கள் வைத்த ரகசிய எண்ணையும் (PIN) கேட்கும். இந்த PIN நான்கு இலக்கம் போதும் என்று ஆப் விட்டுவிடும், நீங்கள் விடாதீர்கள்; எழுத்தும் எண்ணும் கலந்து வையுங்கள். இந்தப் பூட்டுக்கும் ஆயுள் உண்டு. கணக்கை 7 நாள் தொடாமல் போட்டால் அவிழ்ந்துவிடும். வைஃபையில் புழங்கிக்கொண்டிருக்கும்வரை நிற்கும். அதனால் பழைய சிம்மைக் கைவிடும் முன்பே, அதே பகுதியில் எண் மாற்றும் வசதியைக் கொண்டு புது எண்ணுக்கு மாறிக்கொள்வதுதான் சரி. "கோடு தப்பா உங்க நம்பருக்கு வந்துட்டு, கொஞ்சம் சொல்லுங்க மாமா" என்று வரும் செய்திக்கு மருமகனே ஆனாலும் பதில் சொல்லக் கூடாது.

அடுத்தது பேக்கப். குறுக்குத்துறைப் படித்துறையில் போன் நழுவினால், பேக்கப் இல்லாத அரட்டை ஆற்றோடு போச்சு. 2025 செப்டம்பரில் ஆண்ட்ராய்டு சோதனைப் பதிப்பில் தொடங்கிய பேக்கப்பில் எழுத்துச் செய்திகளும் கடைசி 45 நாள் படங்களும் இலவசம். திறக்க 64 எழுத்து மீட்புச் சாவி வேண்டும். தொலைத்தால் சிக்னல்காரர்களாலும் திறக்க முடியாது. பேப்பரில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல!

பிரவுசரில் திறக்கும் வடிவம் இதற்கு இல்லை. செராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் க்யூஆர் காட்டி இணைத்துவிட்டு லாக் அவுட் செய்யாமல் வரும் பழக்கம் இதனாலேயே நடக்காது. பிரிண்ட் எடுக்கச் சிரமம்தான், ஆனாலும் இது நல்ல சிரமம்.

2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த அரசு உத்தரவிட்டது. அப்படியொரு நாளில் சிக்னல் வெறும் நீலக் கட்டம். ஆண்ட்ராய்டில் முன்பு சாதா எஸ்எம்எஸ்ஸும் இதிலேயே அனுப்பலாம். அதை எடுத்துவிடப்போவதாக 2022-ல் அறிவித்து எடுத்தும்விட்டார்கள். 2024-ல் வந்த பயனர்பெயர் வசதியால் நம்பர் தராமலே பேசலாம் என்பது நல்லதுதான். ஆனால் அப்படிச் சேர்ந்தவரின் நம்பர் உங்கள் போனில் இருக்காது. இணையம் நின்ற நாளில் சாதா போனில் கூப்பிட அது வேண்டும்; கட்டாயம் வேண்டியவர்களிடம் மட்டும் நம்பரைக் கேட்டு, தனியே எழுதி வையுங்கள்.