17 கீ கலிம்பா: ஒரு தாலாட்டு மெட்டுக்கு ஒன்றரை மாசம்

நேத்துதான் ஒரு பழைய தாலாட்டு மெட்ட தடுமாறாம கடைசி வரைக்கும் வாசிச்சேன், சரி இனிமே ரிவ்யூ எழுதலாம்னு உக்காந்துட்டேன்.

கலிம்பாங்கிறது கீன்னு சொல்ற உலோகப் பட்டைகள கட்டைவிரலால மீட்டி வாசிக்கிற ஒரு குட்டி வாத்தியம். நான் வாங்கினது 17 கீ, சி மேஜர் ஸ்கேல், நடுவுல ஓட்டை இருக்குற பெட்டி மாடல். பிராண்ட் பேர் வேணாம், ஏன்னா வந்தப்பவே ரெண்டு கீ ஸ்ருதி இறங்கி இருந்துச்சு, இன்னொண்ணு ஜ்ர்ர்னு இரைஞ்சுது. கூடவே ஒரு குட்டி சுத்தியல் குடுக்குறாங்க, போன்ல ட்யூனர் ஆப் போட்டுக்கிட்டு கீயோட நுனில பிரிட்ஜ் (கீங்கள தாங்குற குறுக்குப் பட்டை) பக்கமா தட்டினா நீளம் கொறஞ்சு ஸ்ருதி ஏறும், எதிர்பக்கத்துலேர்ந்து தட்டினா இறங்கும். நான் மொதல்ல மாத்தித் தட்டி இன்னும் கெடுத்து வச்சேன், அது வேற கதை. இரைச்சலுக்கு அந்த கீய லேசா பக்கவாட்டுல நகத்தினதே போதும்.

உண்மையான தலைவலி வரிசைதான். ஆர்மோனியம் மாதிரி இடமிருந்து வலம் போகாது. நடுவுல இருக்குற நீளமான கீ ச, அதுக்கு இடப்பக்கம் ரி, வலப்பக்கம் க, திரும்ப இடது ம, வலது ப... ஆப்பிரிக்காவுல காலங்காலமா இருக்குற ம்பிராங்கிற இதே மாதிரி வாத்தியத்த 1950கள்ல ஹியூ ட்ரேசினு ஒருத்தர் மேற்கத்திய ஸ்கேலுக்கு மாத்தி கலிம்பானு வித்தாரு, இந்த இட வல ஏற்பாடும் அவர் மாடல் வழியா வந்ததுதான். மொத வாரம் அவர திட்டிக்கிட்டேதான் பழகினேன்.

அப்புறம்தான் ஒண்ணு புரிஞ்சுது. என் மெட்டு மோகன ராகம், அதாவது ம, நி ரெண்டும் கிடையாது. ம போச்சுன்னா க-வும் ப-வும் வலப்பக்கத்துல ஒட்டி ஒட்டி, நி போச்சுன்னா த-வும் மேல் ச-வும் இடப்பக்கத்துல ஒட்டி! கட்டைவிரல சும்மா வழுக்கி விட்டா ரெண்டு ஸ்வரமும் தானா வருது. கூட வந்த நம்பர் போட்ட புக்க அதுக்கப்புறம் நான் தொடவே இல்ல, பாடிப் பாத்துட்டு காதாலயே தேடினேன், நாலு வரி மெட்டு ரெண்டு நாள்ல கைக்கு வந்துடுச்சு, தடுமாறாம வாசிக்கத்தான் நேத்து வரைக்கும் ஆச்சு. நகம் கொஞ்சம் வளத்துக்கோங்க, இல்லன்னா விரல் நுனி எரியும்.

கீழ் ஸ்வரமெல்லாம் மணி மாதிரி நின்னு கேக்குது, ரெண்டு ஓரத்துலயும் இருக்குற குட்டி கீங்க மட்டும் டிக்னு செத்துப்போகுது, அதுக்கு ஒரு ஸ்டார் கட், மிச்சம் 4. இன்னொண்ணு, இதுல ஸ்வரத்த வளைக்கவே முடியாது. பின்னாடி இருக்குற குட்டி ஓட்டைகள மூடித் திறந்தா வாவ் வாவ்னு ஒரு அசைவு வரும், ஆனா அது கமகம் (ஸ்வரத்த அசைச்சு வளைச்சு வாசிக்கிறது) இல்ல. தோடி மாதிரி கமகம் நிறைஞ்ச ராகம் எதாச்சும் வாசிக்கிற ஆசை இருந்தா இத வாங்கிடாதீங்க.