அப்டேட் போட்ட மறுநாளே பேட்டரியை மாற்றிவிடாதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு என் ஐபோன் 13-இல் புது அப்டேட் போட்டுவிட்டுப் படுத்தேன். ஞாயிறு காலை இங்கே சிங்கப்பூரில், யீஷூனில் ரயில் ஏறும்போது சார்ஜ் 100. லிட்டில் இந்தியாவில் இறங்கும்போது 78. போனின் முதுகு சுட்டது. மதியச் சாப்பாட்டுக்குள் 30-க்கு வந்துவிட்டது. பணம் கட்டும் பேநவ், அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ், ஊருக்குப் பணம் அனுப்புவது எல்லாம் அதில்தான். பயந்துபோனேன்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் நம்மவர், அதனாலேயே நம்பினேன். போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினார். "பேட்டரி செத்துப்போச்சு தம்பி. இப்படியே விட்டா போர்டையும் சேர்த்துக் காலி பண்ணிரும். ஒரிஜினல் போட்டுத் தர்றேன், 138 வெள்ளி" என்றார்.

"நேத்து அப்டேட் போட்டதுக்கு அப்புறம்தான்ணே இப்படி."

"புது அப்டேட்டைப் பழைய பேட்டரி தாங்காது தம்பி."

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பழைய பேட்டரியைக் கேட்டேன். வீட்டில் வைத்தால் தீப்பிடிக்கும் என்று சொல்லி மேசைக்கு அடியில் போட்டுக்கொண்டார்.

வேலையிடத்தில் ஒரு நண்பரிடமும் இதே போன்தான், இதே அப்டேட்தான். அவருக்கும் இரண்டு நாள் சார்ஜ் கரைந்தது. ஒன்றும் செய்யவில்லை, மூன்றாம் நாள் தானாகச் சரியாகிவிட்டது. அப்டேட் முடிந்த கையோடு போன் உள்ளேயே படங்களையும் கோப்புகளையும் தேடலுக்காக மறுபடி அடுக்குகிறது, ஆப்களைப் புதுப்பிக்கிறது. அதனால் கொஞ்ச நாள் சார்ஜ் வேகமாக இறங்கலாம், போன் சூடாகலாம் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. என் போனில் படங்கள் மட்டும் 14,000-க்கு மேல்.

இதைக் கேட்டதும் பழைய ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தோண்டினேன். போனை விற்கலாமா என்று யோசித்தபோது எடுத்த ஒன்று கிடைத்தது: பேட்டரி ஹெல்த் 91, அதாவது புதிதாக இருந்தபோது தாங்கிய சார்ஜில் 91 சதவீதம் இன்னும் தாங்கும். இந்த மாடலின் பேட்டரி 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்கும்படி செய்யப்பட்டது. 91 இருந்ததைத்தான் செத்துப்போச்சு என்று கழற்றி எடுத்திருக்கிறார்.

செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் என்று போய்ப் பார்த்தால் பேட்டரிக்கு நேரே 'அன்னோன் பார்ட்' என்று நிற்கிறது, அதாவது ஒரிஜினல்தான் என்று போனால் உறுதிசெய்ய முடியாத பாகம். 30 சதவீதம் இருக்கும்போதே போன் பட்டென்று அணைகிறது. திரையின் கீழ் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி, ஓரத்தில் காய்ந்த பசை. இனி மழையில் இதை வெளியே எடுக்கவே பயமாக இருக்கிறது.

தயவுசெய்து அப்டேட்டுக்குப் பிறகு மூன்று நான்கு நாள் பொறுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து, எந்த ஆப் சார்ஜைத் தின்கிறது என்று பாருங்கள். கடைக்குப் போயே ஆகவேண்டும் என்றால், பேட்டரி ஹெல்த்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொருவருக்கு அனுப்பிவிட்டுப் போனைக் கொடுங்கள். 'ஒரிஜினல் பேட்டரி' என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். என் ரசீதில் 'ரிப்பேர் 138' என்று மட்டும்தான் இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டபோது அந்தத் தாளைத்தான் என் முகத்துக்கு நேரே காட்டினார்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை வக்கீல் இல்லாமலே அங்கே நாமே நடத்தலாம், என் தொகைக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான். 138 வெள்ளி எனக்கு இரண்டு வாரச் சாப்பாட்டுக் காசு, விடப்போவதில்லை.