திறந்த வால்வா, மூடிய வால்வா?

ரேடியோவில் இயக்கும் மாடல் விமானத்துக்குப் பழைய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் தேடுபவர்களுக்கு, மாடல் எஞ்சின் தயாரிக்கும் ஒசாகாவின் ஓ.எஸ். நிறுவனத்திலேயே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 1976இல் வந்த 10 சிசி எஃப்எஸ்-60. மற்றொன்று, பிறகு வந்த 11.5 சிசி எஃப்எஸ்-70 சர்பாஸ்.

எஃப்எஸ்-60இல் ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் சிறு நெம்புகோல்), ஸ்பிரிங் எல்லாம் வெளியே தெரியும். மெதுவாக ஓடும்போது வால்வுகள் எழுந்து அமர்வதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த அழகுக்கு ஈடே இல்லை! ஆனால் தூசி நேராக அதன் மேல்தான் விழும். பறக்கவிடும் முன் ராக்கர்களுக்குக் கையால் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். உதிரி பாகம் கிடைப்பதும் கடினம். சேகரிப்பவர்கள் விலையை ஏற்றிவிடுகிறார்கள்.

சர்பாஸில் ராக்கர்களுக்கு மூடி உண்டு. பராமரிப்பு குறைவு, சக்தி அதிகம். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் 0.04 முதல் 0.10 மி.மீ.க்குள் வைத்துக்கொண்டால் போதும்.

எதை வாங்கினாலும் முதலில் பேரிங்கைப் பாருங்கள். எரிபொருளில் உள்ள மெத்தனால் ஈரத்தை இழுக்கும், உள்ளே துரு பிடித்திருக்கும். புரொப்பெல்லரைக் கையால் சுற்றும்போது கரகரவென்று உரசினால் பேரிங் மாற்ற வேண்டியதுதான். இறுகிக் கிடந்தால் பலவந்தமாகத் திருப்பாதீர்கள். பெரும்பாலும் எரிபொருளில் மசகுக்காகக் கலந்த விளக்கெண்ணெய் உள்ளே காய்ந்துபோனதுதான் காரணம். ஹீட் கன்னால் சூடாக்கினால் இளகிவிடும். அப்புறம், பறந்து முடித்த அன்றே டேங்கைக் காலி செய்து, எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டு வையுங்கள்.

வாராவாரம் பறக்கவிட சர்பாஸ்தான் சரி. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பழைய பாணி இருஇறக்கை விமானத்தில் மெதுவாகப் பறக்க, நான் எஃப்எஸ்-60ஐத்தான் எடுப்பேன்.