டிவிடியா, எட்சரா, வென்டாயா: ஒரு பென்டிரைவ் கணக்கு

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, லேப்டாப் ஆன் ஆகுது, ஆனா விண்டோஸ் வரல. ப்ராஜெக்ட் முழுக்க அதுலதான் இருக்கு, நாளைக்கு சப்மிட் பண்ணணும்." நான் கெத்தாகச் சாவிக்கொத்தில் தொங்கிய பென்டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதில் உபுண்டு 20.04 இருந்தது; விண்டோஸுக்குப் பதிலாகப் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ் சிஸ்டம். 2020 ஏப்ரலில் அது வெளிவந்த வாரத்தில் எட்சர் என்ற மென்பொருளை வைத்து எழுதியது.

பூட் ஆனது. டெஸ்க்டாப்பும் வந்தது. ஆனால் டச்பேட் அசையவில்லை, வைஃபை இருப்பதாகவே காட்டவில்லை. காரணம் எளிது. அந்த ஐஎஸ்ஓவில் (சிஸ்டம் முழுவதையும் அடக்கிய ஒற்றை ஃபைல்) இருந்த கெர்னல், அதாவது வன்பொருளோடு பேசும் மையப் பகுதி, 5.4; லேப்டாப்போ அதற்கெல்லாம் பின்னால் வந்த மாடல். மவுஸைச் செருகி, இன்னொரு பென்டிரைவ் தேடி, ஃபைல்களை நகலெடுத்து முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. "இதுதான் எல்லாத்தையும் காப்பாத்தும்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள். பதில் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். நான்கு வருடமாக அதை ஏன் புதுப்பிக்கவில்லை? சோம்பல்தான். ஆனால் அந்தச் சோம்பலுக்கும் ஒரு காரணம் இருந்தது. இப்படி ஒரு சிஸ்டத்தைக் கையில் எடுத்துப் போக டிவிடி, எட்சர், வென்டாய் என்று மூன்று வழிகள் உண்டு; அந்தக் காரணத்தை வைத்து அவற்றை இங்கே அலசப் போகிறேன்.

முதலில் டிவிடி. சீக்கிரம் முடித்துவிடலாம். நிறுவாமலே ஓடும் 'லைவ் சிஸ்டம்' என்ற சங்கதியே பலருக்கும் வட்டில்தான் அறிமுகமானது. கிளாஸ் நாப்பர் 2000ல் வெளியிட்ட நாப்பிக்ஸ், 700 எம்பி சிடிக்குள் அதைவிடப் பல மடங்கு மென்பொருளைச் சுருக்கி அடைத்து, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே ஓடிக் காட்டியது. உபுண்டு 2011 வரை கேட்டவர் வீட்டுக்கே இலவசமாக சிடி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. சாதாரண டிவிடி 4.7 ஜிபி; உபுண்டு 24.04 ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல். ஏறவே ஏறாது. உபுண்டுவைப் போன்ற லினக்ஸ் மின்ட் இன்னும் 3 ஜிபி பக்கம் நிற்பதால் அடங்கும். ஆனால் ஒவ்வொரு முறை மெனுவைத் திறக்கும்போதும் டிரைவ் "கிர்ர்" என்று சுழன்று, தேடி, யோசித்துத்தான் பதில் சொல்லும். ஒருமுறை எழுதிய வட்டில் மாற்றம் செய்ய வழியில்லை. புது வெளியீடு வந்தால் பழையது காக்கா விரட்டத்தான்.

இருந்தாலும் டிவிடிக்கு இரண்டு நல்ல குணங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று, எழுதி மூடிய வட்டில் எந்த வைரஸும் போய் உட்கார முடியாது. வைரஸ் பிடித்த கம்ப்யூட்டரைச் சோதிக்கும்போது இது பெரிய நிம்மதி. இரண்டாவது, யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகத் தெரியாத கிழட்டு மெஷின்கள். அதற்கென்றே டெபியன் 12 என்ற லினக்ஸின் 32 பிட் வட்டு ஒன்றை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். டெபியன் 13லிருந்து 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கான இன்ஸ்டாலர் கிடையாது என்பதால் அது அங்கேயே இருக்கும்.

அடுத்தது, ஒரு பென்டிரைவில் ஒரே ஐஎஸ்ஓ எழுதும் முறை. எட்சரும் ரூஃபஸும் இந்த வகை. ஐஎஸ்ஓவைக் காட்டு, பென்டிரைவைக் காட்டு, பட்டனை அழுத்து. எட்சர் எழுதி முடித்ததும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். இதை லேசாக நினைக்காதீர்கள். ஒருமுறை நடைபாதைக் கடையில் மலிவாக வாங்கிய '64 ஜிபி' பென்டிரைவின் வண்டவாளம் இந்தச் சரிபார்ப்பில்தான் வெளியே வந்தது. மேலே அச்சடித்த அளவில் கால்வாசிகூட உள்ளே இல்லை.

ரூஃபஸ் விண்டோஸில் மட்டும் ஓடும். ஆனால் கம்ப்யூட்டரை எழுப்பும் நிரல் பழைய பயாஸா, புது யூஇஎஃப்ஐயா என்று பார்த்து, அதற்கேற்ற பென்டிரைவ் பகுப்பு முறையை (எம்பிஆர், ஜிபிடி) தேர்வு செய்யும் வசதி அதில் உண்டு. செய்த மாற்றங்கள் ரீபூட்டுக்குப் பிறகும் தங்கும்படி ஓர் இடத்தை ஒதுக்கவும் ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் போதும். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது முக்கியம். லைவ் செஷனில் செட்டிங்ஸுக்குள் போய் தமிழ்99 கீபோர்டைச் சேர்த்து வைப்போம். அந்த இடத்தை ஒதுக்காவிட்டால், மறுமுறை பூட் செய்யும்போது அது இருந்த சுவடே இருக்காது.

ஆக, கருவிகளில் குறை இல்லை. பென்டிரைவ்தான் மாட்டிக்கொள்கிறது. எட்சர் எழுதியதும் 32 ஜிபி பென்டிரைவ் 6 ஜிபி உபுண்டு வட்டாக மாறிவிடும். மிச்ச இடம் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸில் செருகினால் "இதை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று வேறு கேட்கும், பழக்கதோஷத்தில் சரி என்று அழுத்தினால் கதை முடிந்தது. புது வெளியீடு வந்தால் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. நீண்ட கால ஆதரவு தரும் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒன்று, அதற்கு இடையிலும் புதிய கெர்னலோடு திருத்திய ஐஎஸ்ஓக்கள் வரும். ஒவ்வொரு முறையும் அழித்து எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது? எனக்கு இல்லை. நான்கு வருடம் நான் சும்மா இருந்ததற்கு இதுதான் காரணம்.

வென்டாய் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. 2020ல் வந்தது. இதைப் பென்டிரைவில் ஒரே ஒருமுறை நிறுவ வேண்டும். அப்போது மட்டும் உள்ளே இருப்பது அழியும். நிறுவியதும் பென்டிரைவ் இரண்டாகப் பிரியும். 32 எம்பி அளவில் ஒரு சின்னப் பகுதியில் வென்டாய் குடியிருக்கும். மீதி முழுவதும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் வழக்கமான பென்டிரைவ்தான். அதில் ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே காப்பி செய்தால் போதும். எழுதுவது, பர்ன் செய்வது எதுவும் இல்லை. பூட் செய்யும்போது உள்ளே இருக்கும் ஐஎஸ்ஓக்களின் பெயர்கள் பட்டியலாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதை ஒரு நிஜ வட்டு போல அந்தச் சிஸ்டத்துக்குக் காட்டும்.

என் 64 ஜிபி பென்டிரைவில் இப்போது லினக்ஸ் மின்ட், டெபியன் லைவ், ரிப்பேருக்கான சிஸ்டம்ரெஸ்க்யூ, வட்டை நகலெடுக்கும் குளோன்சில்லா, வட்டைப் பிரிக்கும் ஜிபார்ட்டெட், விண்டோஸ் 11 இன்ஸ்டாலர் எல்லாம் இருக்கின்றன. அப்புறமும் பாதிக்கு மேல் காலி. அந்தக் காலி இடத்தில் போட்டோக்களையும் ஃபைல்களையும் போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு இது இருந்திருந்தால் இரண்டாவது பென்டிரைவ் தேடி அலைந்திருக்க மாட்டேன்.

புதுப்பிப்பது என்றால் என்ன? புது ஐஎஸ்ஓவை இறக்கு, ஃபோல்டரில் போடு, பழையதை டெலீட் செய். அவ்வளவுதான். டவுன்லோடு நேரத்தை விட்டுவிட்டால் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது. பழையதை உடனே அழிக்க வேண்டியதுகூட இல்லை. புதியது அந்த மெஷினில் மக்கர் செய்தால் பழையதை எடுத்துக்கொள்ளலாம். வென்டாய்க்கே புது வெர்ஷன் வந்தாலும் அப்டேட் பட்டனை அழுத்தினால் போதும், ஃபைல்கள் அப்படியே இருக்கும். இந்த ஒரு வருடத்தில் நான் ஐந்தாறு முறை ஐஎஸ்ஓ மாற்றிவிட்டேன். முன்பு நான்கு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை.

ஒரு எச்சரிக்கை. காப்பி செய்து முடித்ததும் சேஃப்லி ரிமூவ் கொடுக்காமல் பிடுங்கினால் ஐஎஸ்ஓ அரைகுறையாக நிற்கும். எட்சர் போல இது தானாகச் சரிபார்க்காது. வென்டாய் மெனுவில் ஐஎஸ்ஓவின் மேல் நின்று எம் கீயை அழுத்தினால், ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க உதவும் செக்சம் எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும். டவுன்லோடு பக்கத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி குறைகள். முறையான கையொப்பம் உள்ளவற்றை மட்டுமே பூட் ஆக விடும் செக்யூர் பூட் போட்டிருக்கும் லேப்டாப்பில் முதல்முறை செருகினால் நீலத் திரையில் சரிபார்ப்பு தோல்வி என்று ஒரு செய்தி வரும். பயப்பட வேண்டாம். ஓகே கொடுத்து, அடுத்து வரும் திரையில் சில நொடிகளுக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தி, வட்டிலிருந்து சாவியைப் பதிவு செய்யும் வரிக்குப் போய், வென்டாயின் சின்னப் பகுதிக்குள் இருக்கும் சான்றிதழைக் காட்டி ரீபூட் செய்ய வேண்டும். ஒரு மெஷினுக்கு ஒருமுறை செய்தால் போதும். என் லேப்டாப்பில் இதைச் செய்வதில் தயக்கமில்லை. அடுத்தவர் மெஷினில் ஒரு சாவியைப் பதித்துவிட்டு வருவது உறுத்துகிறது. செக்யூர் பூட்டை அணைக்கலாமே என்றால், பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் வசதி) போட்ட விண்டோஸ் அடுத்த முறை ரெக்கவரி கீ கேட்டு நிற்கலாம். அது கையில் இல்லை என்றால் உதவி செய்யப் போய் உபத்திரவம். உபுண்டு, மின்ட் போன்றவற்றை எட்சரில் நேரடியாக எழுதினால், அவற்றுக்கு முறையான கையொப்பம் இருப்பதால், பெரும்பாலும் இந்தச் சிக்கல் வருவதில்லை. ஆகவே எட்சர் வைத்து எழுதிய 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றும் சாவிக்கொத்தில் கூடவே தொங்குகிறது. அதில் மின்ட் மட்டும்.

வென்டாயின் மூலநிரலோடு ஏற்கெனவே கம்பைல் செய்த ஃபைல்கள் கலந்திருக்கின்றன என்று பலர் குறை சொல்லியிருக்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். வீட்டு ரிப்பேருக்கு எனக்கு அது தடையாகத் தோன்றவில்லை. ஆனால் டெயில்ஸ் மாதிரி அந்தரங்கத்துக்காகவே செய்யப்பட்ட சிஸ்டத்தைத் தனிப் பென்டிரைவில்தான் எழுதுவேன்.

மாற்றங்களைத் தங்கவைக்கும் விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு. வென்டாயில் அதற்குத் தனி ஃபைல் உருவாக்கி, ஜேசன் என்ற செட்டிங்ஸ் ஃபைலில் அது இருக்கும் இடத்தையும் எழுத வேண்டும். ஒருமுறை செய்து பார்த்தேன், வேலை செய்தது. ஆனால் பென்டிரைவின் வேகத்தில் தினசரி வேலை செய்யும் பொறுமை ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. அதுதான் உங்கள் முதல் தேவை என்றால் ரூஃபஸ் ஸ்லைடரே சுலபம்.

எதிலிருந்து பூட் ஆவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவுக்கு எந்தக் கீ என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. டெல், லெனோவாவில் எஃப் 12, எச்பியில் எஃப் 9. மேக் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வென்டாய்க்கு மேக்கில் ஓடும் இன்ஸ்டாலர் கிடையாது, எட்சருக்கு உண்டு. மேக் வைத்திருக்கும் நண்பர் கேட்டால் எட்சர் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.