பிரிஸ்டலில் பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் கவனம்: என் 420 பவுண்ட் போய்விட்டது

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இன்றே எழுதிவிடுகிறேன். செப்டம்பரில் படிக்க வரும் பிள்ளைகள் வந்த கையோடு பழைய சைக்கிள் தேடி அலைவார்கள், அவர்களாவது தப்பிக்கட்டும். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது ஃபிஷ்பாண்ட்ஸ் பக்கம். வேலை நகரத்துக்குள், காலை ஷிஃப்ட். பிரிஸ்டல் முழுக்க ஏற்ற இறக்கம்தான், ஆனால் எங்கள் பகுதி வழியாக பிரிஸ்டல்–பாத் ரயில்வே பாதை போகிறது. ரயில் நின்றுபோன பழைய தடத்தின் மேல் 1979இல் தொடங்கி 1986 வரை போட்ட பாதை, 13 மைல். ரயிலுக்காகச் சமப்படுத்திய தடம் என்பதால் மூச்சு வாங்கும் ஏற்றம் கிடையாது, கார் தொல்லையும் இல்லை. இதை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்துக் கிடப்பானேன் என்றுதான் சைக்கிள் வாங்கப் போனேன்.

பழைய சைக்கிளைச் சரிபார்த்து விற்கிற கடை. பெயர் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. கடைக்காரர் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி, பின்சக்கரத்தைச் சுழலவிட்டு, கியரை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினார். "முழு சர்வீஸ் பண்ணியாச்சு, செயின் புதுசு" என்றார். எந்த வழியாகப் போவீங்க என்று கேட்டார். ரயில்வே பாதை என்றதும், நகரத்துப் பக்கம் எங்கே வெளியேறணும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் படமே போட்டுக் கொடுத்தார். ஸ்டேபிள் ஹில் சுரங்கத்துக்குள் போனால் விளக்கைப் போட்டுக்கோங்க என்று அக்கறையாகச் சொன்னார். "என் மகளுக்கே இதைத்தான் கொடுப்பேன்" என்றார். மகள் பெயரைச் சொல்லி ஒருவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? கார்டு மிஷின் ஓடவில்லை என்றார். அங்கேயே நின்று பேங்க் டிரான்ஸ்ஃபர் போட்டேன். 420 பவுண்ட். பில்லில் "சைக்கிள் 1" என்று மட்டும் இருந்தது.

சில நாளிலேயே மிதிக்கும்போதெல்லாம் டிக் டிக் என்று சத்தம். அழுத்தினால் செயின் வழுக்கியது. கூட வேலை செய்கிற அண்ணன் ஒருவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கூட்டிப்போனார். அவர் செயின் தேய்மானம் பார்க்கும் கருவியை வைத்தார்; அது தடையில்லாமல் உள்ளே இறங்கியது, அப்படி இறங்கினால் செயின் தேய்ந்துபோனது என்று அர்த்தம். புதுச் செயினாம்! பிறகு சீட்டுக்குக் கீழே குழாய்கள் சேருமிடத்தில் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். வெல்டிங்கிலிருந்து மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு, குழாயைப் பாதி சுற்றி ஓடியிருந்தது. விரிசல். "அலுமினிய ஃபிரேம், இனி இதில் ஏறாதீங்க" என்றார். நகரத்துக்குள் பார்க் ஸ்ட்ரீட் என்ற செங்குத்தான தெருவில் இறங்கும்போது அது முறிந்திருந்தால்?

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனேன். மகள் கதை சொன்ன அதே ஆள் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலில் அது பெயின்ட் கீறல் என்றார். அப்புறம் நான் எங்கேயோ மோதியிருப்பேன் என்றார். மோதினால் ஸ்டிக்கர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளுமா? முதலாளி லீவு, ஈமெயில் அனுப்புங்க என்றார்கள். அனுப்பினேன், பதில் இல்லை. போனில் பிடித்தால் "பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று வைத்துவிடுகிறார்கள். இது பொய். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருள் பழையதானாலும், குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். நான் அதற்குள்தான் கேட்டேன். எழுத்திலும் கொடுத்தேன். 420 பவுண்டில் ஒரு பென்னி திரும்பவில்லை.

இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன், அங்கிருந்துதான் கடைகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்குப் போகும்.

விவரமாக எழுத இப்போது மனசு நிலையில் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: கார்டு மிஷின் ஓடவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் போன பொருளுக்குக் கார்டு நிறுவனமும் பொறுப்பு, டிரான்ஸ்ஃபருக்கு அது இல்லை. ஃபிரேம் நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும். அதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், திருட்டு வண்டியா என்று பைக்ரெஜிஸ்டர் என்ற சைக்கிள் பதிவுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஸ்டிக்கர் இருந்தால் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். கடையில் இல்லாமல் தனி ஆளிடம் வாங்கினால் அந்த 30 நாளும் கிடையாது.

சின்னத் தொகைக்கான ஸ்மால் கிளெயிம்ஸ் வழக்கு போட்ட அனுபவம் யாருக்காவது இருந்தால் கட்டணம், நடைமுறை எல்லாம் கீழே சொல்லுங்கள். அந்த 420 பவுண்டை நான் விடப்போவதில்லை.